நோய்ப்படுக்கையும் நம்பிக்கையும்: இந்தியக் காசநோய் வரலாற்றிலிருந்து ஒரு விடை

டில்லியில் நான் ஆய்வு செய்துவரும் துறையில் சென்ற மாதம் நடந்த மாணவர் கருத்தரங்கில், இந்தியாவில் காசநோயின் சமூக வரலாறு குறித்துப் பேசினேன். பேச்சு முடிந்ததும் முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, நம்பிக்கையோடு இருந்த நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பிழைத்தார்களா என்று கேட்டார். நேரமின்மையால் இரண்டு வாக்கியங்களில் ஏதோ கூறி முடித்தேன். பின்னர் தேநீர் இடைவேளையில்தான் அவருடைய தாயார் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதை அறிந்தேன். பார்க்க வரும் உறவினர் அனைவரும் அழக்கூடாது, மனத்தைத் திடமாக வைத்துக்கொண்டால் நோய் ஓடிவிடும் என்கிறார்களாம். அவர்கள் எதிரில் தாயார் சிரித்தபடி இருக்கிறார். அவர்கள் சென்றபின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார். நோய் முற்றிவிட்டால், தாம் அழுததே காரணம் என்று எண்ணிக்கொள்வாரோ என்பது மகளின் அச்சம். அந்தக் கேள்விக்கு நான் அன்று தந்திருக்க வேண்டிய விடை இது.

தீரா நோய்க்கும் மனத்துயருக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. உடல் உலர்ந்து தேயும் நோய்க்குச் சரக சம்ஹிதை நான்கு காரணங்களைக் கூறுகிறது: வலிமைக்கு மீறிய செயல், இயற்கை வேகங்களை அடக்குதல், தாதுக்களின் தேய்வு, ஒழுங்கற்ற உணவு. இவற்றுள் தாதுத் தேய்வை விளக்கும் இடத்தில், துயரும் கவலையும் நெஞ்சை மிகுதியாகப் பற்றிக்கொள்வதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பிய மருத்துவ மரபிலோ இதற்கு நேர்மாறான கருத்து ஒன்று நெடுங்காலம் நிலவியது. காசநோயாளிகளிடம் இயல்புக்கு மாறான ஓர் உற்சாகம் காணப்படுவதாக நம்பிய மருத்துவர்கள், அதற்கு ‘ஸ்பெஸ் ப்திசிக்கா’ என்று இலத்தீனில் பெயரிட்டனர். காசநோயாளியின் நம்பிக்கை என்பது அதன் பொருள். அதாவது, நோயாளி நம்பிக்கையோடு பேசினால் அதுவே நோயின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது.

ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து கிடைக்கவோ மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இவ்விடைக்காலம்தான் சானடோரியங்களின் காலம். தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு, அமைதியான மனநிலை ஆகியவையே அங்குச் சிகிச்சை. இந்தியாவில் அஜ்மீருக்கு அருகே திலோனியாவில் 1906இல் கிறித்தவ மிஷன் ஒன்று சானடோரியம் தொடங்கியது. சிம்லா மலைப்பகுதியில் தரம்பூர், நைனிதாலுக்கு அருகே 1912இல் பொவாலி, மதனப்பள்ளிக்கு அருகே 1915இல் ஆரோக்கியவரம் எனப் பிற நிலையங்கள் தொடர்ந்தன. மலைச்சரிவு, திறந்த தாழ்வாரம், வரிசையாகக் கட்டில்கள், நாள்தோறும் பலமுறை பதியப்படும் வெப்பநிலை அட்டவணை, வாரந்தோறும் எடை: சானடோரிய வாழ்வின் ஒழுங்கு ஏறத்தாழ எங்கும் இதுவே.

இவ்வொழுங்கில் மனநிலைக்கும் இடம் இருந்தது. கவலை காய்ச்சலை ஏற்றும், பரபரப்பு ஓய்வைக் கெடுக்கும் என்பது அக்கால மருத்துவரின் உறுதியான எண்ணம். ஆகவே, மலர்ந்த முகம் மருத்துவ அறிவுரையின் ஒரு பகுதியாயிற்று. முன்பு நோயின் அறிகுறியாகக் கருதப்பட்ட நம்பிக்கை, இப்போது நோயாளி தானே வழங்கிக்கொள்ள வேண்டிய மருந்தாகிவிட்டது. மருந்து என்றானபின், அதை உட்கொள்ளத் தவறியவர் மீது பழி சேர்வதும் இயல்பே.

சானடோரிய அறிக்கைகளை வாசிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான நிலையங்கள் தொடக்கநிலை நோயாளிகளையே விரும்பிச் சேர்த்தன. முற்றியவர்களைத் தவிர்க்க முயன்றன. நோய் லேசாக உள்ளவருக்குக் காய்ச்சல் குறைவு, பசி உண்டு, உறக்கம் உண்டு, முகமும் மலர்ந்திருக்கும். நுரையீரலில் குழி விழுந்து இரவெல்லாம் வியர்த்து இருமுபவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? மலர்ந்த முகத்தினர் பிழைத்தார்கள் என்று ஒரு மருத்துவர் எழுதினால், முகம் உடலைக் காத்ததா, உடலின் நிலை முகத்தில் தெரிந்ததா என்று நாம் கேட்டாக வேண்டும். மாணவியின் கேள்விக்கான விடையில் முதற்பகுதி இதுவே.

அக்காலத்தவர் துயரை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு இரண்டு குடும்பங்களின் கதையைப் பார்க்கலாம். இரண்டும் குமாவோன் மலைகளோடு தொடர்புடையவை.

ரவீந்திரநாத் தாகூரின் மனைவி மிருணாளினி தேவி 1902 நவம்பரில் காலமானார். அடுத்த சில மாதங்களிலேயே நடுமகள் ரேணுகா காசநோயால் படுத்துவிட்டாள். அவளுக்கு வயது ஏறத்தாழ பன்னிரண்டு. காற்று மாற்றத்துக்காக அவளை முதலில் ஹசாரிபாகுக்கும், பிறகு அல்மோராவுக்கும் அழைத்துச் சென்றார் தாகூர். ‘சிசு’ தொகுப்பில் இடம்பெற்ற குழந்தைக் கவிதைகள் பலவற்றை 1903இல் அங்கிருந்தே எழுதினார். தாயை இழந்த சிறு பிள்ளைகள் வேறிடத்தில். கண்ணெதிரே நலிந்துகொண்டிருக்கும் மகள். இதற்கிடையே தாய்க்கும் சேய்க்கும் இடையிலான விளையாட்டையும் பேச்சையும் எழுதிக்கொண்டிருந்தார். மலைக்காற்று பயன் தரவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ரேணுகா கல்கத்தாவில் இறந்தாள். அக்கவிதைகள் மகளைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று எண்ணி அவர் எழுதியதாகவும் நான் கருதவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத நீண்ட பகல்களில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. பிரிந்திருந்த பிள்ளைகளை நெருங்க ஒரு வழியும் இருந்தது.

இரண்டாவது, கமலா நேருவின் கதை. கமலாவின் நோய் 1920களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. 1926இல் சிகிச்சைக்காகச் சுவிட்சர்லாந்து சென்றார். அங்கிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் தாம் பயனற்ற பாரமாகிவிட்டதாக வருந்தினார். திரும்பி வந்தபின் 1930இன் சட்ட மறுப்பு இயக்கத்தில் அலகாபாத்தில் முன்னின்று உழைத்தார். 1931ஆம் ஆண்டின் முதல் நாளில் கைதானார். பின்னர் நோய் மீண்டும் முற்றியது.

1934 அக்டோபரில் அவரைப் பொவாலி சானடோரியத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. நேரு அப்போது நைனி சிறையில் இருந்தார். எஞ்சிய தண்டனைக் காலத்தில் அரசியலில் ஈடுபடுவதில்லை என்று உறுதி தந்தால் விடுதலை கிடைக்கும் என அவருக்கு மறைமுகமாகத் தெரிவிக்கப்பட்டிருந்தது. கமலா புறப்படுமுன் அவரைக் காண நேருவை அழைத்து வந்தனர். கடும் காய்ச்சலில் கிடந்த கமலா, அவர் விடைபெறும் வேளையில் புன்னகைத்து, குனியுமாறு சைகை செய்து, அரசுக்கு எந்த உறுதிமொழியும் தரவேண்டாம் என்று காதில் கூறினார். நேரு தம் தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்துள்ளார்.

இந்தப் புன்னகையை எப்படி வாசிப்பது? பொவாலி தம்மைக் குணப்படுத்திவிடும் என்ற நம்பிக்கை அதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கணவர் அருகில் இருப்பதே பெரும் ஆறுதலாக இருந்திருக்கக்கூடிய வேளையில், அந்த ஆறுதலை வேண்டாம் என்றார். அவருடைய உறுதிக்கு நுரையீரலின் நிலையோடு தொடர்பில்லை. தாம் யார், எதற்காக வாழ்ந்தோம் என்பதோடுதான் தொடர்பு. ‘மனத்தைத் திடமாக வைத்துக்கொள், குணமாகிவிடும்’ என்னும் அறிவுரையோ திடத்தைக் குணமடைதலுக்கான விலையாக மாற்றிவிடுகிறது. கமலாவின் திடம் அவ்வாறு எதற்கும் விலையாகத் தரப்பட்டதன்று. அதே பெண்தான் தாம் பாரமாகிவிட்டதாகக் கடிதங்களில் புலம்பியவர் என்பதையும் மறக்கக்கூடாது. புலம்பலும் திடமும் ஒரே மனத்தில் இருந்தன; ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

நேரு பின்னர் அல்மோரா சிறைக்கு மாற்றப்பட்டார். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பொவாலி சென்று கமலாவைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நோய் தணியவில்லை. 1935இல் கமலா ஐரோப்பா சென்றார். செப்டம்பரில் விடுதலையான நேரு ஜெர்மனியின் பாடன்வைலருக்கு விரைந்தார். பழைய தைரியப் புன்னகையே தம்மை வரவேற்றதாகவும், வேதனையால் கமலாவால் அதிகம் பேச இயலவில்லை எனவும் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வில் எழுதுகிறார். பகல்களில் படுக்கையருகே அமர்ந்து அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று பேர்ல் பக்கின் ‘தி குட் எர்த்’. வாசிப்பு மெல்லவே நகர்ந்ததாம். 1936 பிப்ரவரி 28 அன்று லோசானில் கமலா காலமானார். தன்வரலாற்று நூலின் காணிக்கையை, நாடு திரும்பும் வழியில் பாக்தாதிலிருந்து தந்தி மூலம் லண்டன் பதிப்பகத்தாருக்கு அனுப்பினார் நேரு. நூல் மறைந்த கமலாவுக்குக் காணிக்கையாயிற்று.

பொவாலியும் பாடன்வைலரும் லோசானும் கிடைத்தது மிகச் சிலருக்கே. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, நாட்டில் சுமார் 25 இலட்சம் பேர் தீவிரக் காசநோயோடு வாழ்வதாகவும், ஆண்டுக்கு 5 இலட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கு இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000. ‘மலைக்குப் போ, ஓய்வெடு, கவலைப்படாதே’ என்ற அறிவுரை பெரும்பான்மையோருக்கு எட்டாக்கனி. ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வு என்றால் கூலி இழப்பு. கூலி போனபின் கவலைப்படாமல் இருப்பது எப்படி?

இந்நிலையை மாற்றியது மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் தொடர்ந்து வந்தது. 1952இல் ஐசோநியாசிட் புழக்கத்துக்கு வந்தது. இம்மருந்துகள் இருந்தால் சானடோரியம் தேவையா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காணும் ஆய்வு நடந்த இடம் சென்னை. இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயரில் தாம்பரம் சானடோரியத்தைத் தாங்கி நிற்கும் நகரத்திலிருந்தே, சானடோரியக் காலத்தை முடித்துவைத்த ஆய்வு வெளிவந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. மையத்தின் முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரின் ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மற்றவர் தத்தம் வீட்டில். இருவருக்கும் ஓராண்டு அதே மருந்துகள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான அறை, குறைந்த உணவு, சீக்கிரமே வேலைக்குத் திரும்பும் கட்டாயம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கோ நல்ல உணவு, நீண்ட ஓய்வு.

1959இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பில் இரு பிரிவினரும் ஏறத்தாழ சமநிலையில் இருந்தனர். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தினருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. மலைக்காற்றும் கட்டாய ஓய்வும் பிரிவும் தேவையில்லை என்று இதனால் தெளிவாயிற்று.

இந்த ஆய்வை நாம் பெரும்பாலும் பொதுச் சுகாதாரச் சிக்கனத்தின் வெற்றியாகவே கற்பிக்கிறோம். மனத்துயரின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து. அவ்வாய்வு யாருடைய மனநிலையையும் அளக்கவில்லை. ஆயினும், கடன், கூலி, குழந்தைகளின் பசி என்று எல்லாக் கவலைகளுக்கும் நடுவே, மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் அடங்கியது. அமைதியான சூழலும் மலர்ந்த முகமும் இன்றியமையாதவை என்னும் கோட்பாட்டுக்கு அதற்குமேல் இடமில்லை. கவலைப்படும் நோயாளிக்கும் குணமடையும் உரிமை கிடைத்தது என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

புற்றுநோய் ஆய்விலும் இதே விவாதம் பின்னர் நிகழ்ந்தது. முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களிடம் நடத்திய ஆய்வை டேவிட் ஸ்பீகல் குழுவினர் 1989இல் வெளியிட்டனர். குழுவாக அமர்ந்து துயரைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்ததாக அது கூறியது. உலகெங்கும் பேசப்பட்ட முடிவு அது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதே வகைக் குழுச்சிகிச்சையைச் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. ஆனால் மனத்துயர் தணிந்தது, வலியுணர்வும் குறைந்தது. 2007இல் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் தரவுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் கோய்ன் குழுவினர், உணர்வுநலத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு காணவில்லை.

இந்த 2001ஆம் ஆண்டு முடிவைச் சிலர் தோல்வி என்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. வலி குறைவதும் துயர் தணிவதும் தம்மளவிலேயே மதிப்புடையவை. ஆயுளை நீட்டினால்தான் அவற்றுக்குப் பொருள் என்பதில்லை. ஓர் எச்சரிக்கையும் வேண்டும். துயர் ஆழ்ந்த மனச்சோர்வாக மாறினால், நோயாளி உணவையும் மருந்தையும் கைவிடக்கூடும். அதற்கு உரிய சிகிச்சை தேவை. ‘அழாதே’ என்பது அந்தச் சிகிச்சை ஆகாது. அழுகையை மறைக்கக் கற்றுக்கொண்டவரிடம் மனச்சோர்வைக் கண்டறிவதும் கடினமாகிவிடுகிறது.

இதில் எனக்கும் சொந்த அனுபவம் உண்டு. ஆய்வின் மூன்றாம் ஆண்டில் விடுதியில் இருந்தபோது மாலைதோறும் காய்ச்சல் வந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்து. தொலைபேசியில் பேசிய அனைவரும் தைரியமாக இரு என்றனர். இருக்கிறேன் என்று நானும் சொன்னேன். சிறுநீர் சிவந்து போவது மருந்தின் விளைவுதான் என்று தெரிந்தும் ஒவ்வொரு காலையும் நடுங்கினேன். உணவுக்கூடத்தில் எனக்குத் தனித் தட்டு வைக்கப்பட்டது. என் பயம் மருந்தின் பயனைக் கெடுத்துவிடுமோ என்று பயந்ததும் உண்டு. சென்னை ஆய்வறிக்கையை நான் முதன்முதலில் முழுவதுமாக வாசித்தது அந்த மாதங்களில்தான். வீட்டுப் பிரிவின் அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்களும் பயந்திருப்பார்கள், ஆனாலும் பிழைத்தார்கள் என்று தோன்றியது. அன்றிரவு நன்றாக உறங்கினேன். அறைத்தோழர் பீகாரைச் சேர்ந்தவர். அறிவுரை எதுவும் கூறமாட்டார். இரவு உணவுக்குப்பின் ஜன்னலைத் திறந்துவைத்து, என் ஆய்வுக்குரிய இந்தி ஆவணங்களை எனக்கு வாசித்துக் காட்டுவார். தூங்கிவிட்டால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

எனவே, கேள்வி கேட்ட மாணவிக்கு: உங்கள் தாயாரின் அழுகை அவர் நோயை வளர்க்கிறது என்பதற்கு நான் அறிந்த வரலாற்றில் சான்று இல்லை, மருத்துவத் தரவுகளும் அவ்வாறு காட்டவில்லை. அவர் அழட்டும். குளியலறைக்குள் சென்று அழவேண்டிய தேவை இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தும் மருத்துவமனைக்குச் செல்லும் நாளும் தவறக்கூடாது. அவருக்கு விருப்பமான எதையேனும் அருகில் அமர்ந்து வாசியுங்கள். அவர் நம்பிக்கையோடு இருக்கும் நாளில் அதில் நீங்களும் பங்குகொள்ளுங்கள். இல்லாத நாளில் அதை அவரிடம் கேட்காதீர்கள்.

இறுதியாக, இதை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சானடோரிய வரலாற்றை நாம் மருத்துவரின் அறிக்கைகளைக் கொண்டே எழுதி வருகிறோம். நோயாளியின் குரல் அரிதாகவே கிடைக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பொவாலியிலிருந்தோ, ஆரோக்கியவரத்திலிருந்தோ, தாம்பரத்திலிருந்தோ தாத்தா பாட்டி எழுதிய பழைய கடிதங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ‘நலமாக இருக்கிறேன்’ என்று தொடங்கும் கடிதமாயினும், அடுத்த வரிகளையும் படித்துப் பாருங்கள்.